முட்டை எடைகூட இல்லாத கேஸ்

பெத்தவங்க வெச்ச பேரு அந்த ஆளுக்கும் ஒண்ணு இருக்கு. அது எந்தப் பெட்டியில எந்தக் காயிதத்துல கெடக்குதோ. ஊருக்கெல்லாம் அவரு ஜன்னலு. ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரரு. வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் "வாங்க"ன்னு சொன்னா, பதிலுக்கு "ஜன்னலைத் தொறங்க"ம்பாரு. என்ன கெட்டுப்போச்சு, எப்பலேருந்து, ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஜன்னலு தொறந்தப்புறம் "அடுப்பை அணைங்க". அடுப்பு அணைஞ்சப்புறம் "சுவிட்சு எதையும் தொடாதீங்க, ஃபேன் சுவிட்சையும்தான்".

அடுக்களையில நிக்கறவளுக்கு எப்படி இருக்கும்? பாதிக் கொதியில சோறு நிக்கும். ஜன்னல் வழியா தெருப் புழுதி பூரா உள்ள வரும். ஒருத்தி வீட்டுல பூனை குதிச்சு வந்து, ஃபிரிட்ஜுலேருந்து எடுத்து வெளிய வெச்சிருந்த மீனைக் கவ்விக்கிட்டுப் போயிடுச்சு. ஃபிரிட்ஜு நல்லாத்தான் ஆச்சு. ஆனா அவ இன்னிக்கு வரைக்கும் மீனு கதையைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியறா.

ஆளுக்கு அம்பத்தஞ்சு வயசு. ஒடிச்சா ஒடியற ஒடம்பு. எடது பக்கம் புருவம் கெடையாது. அதனால மூஞ்சியப் பாத்தா ஒரு பக்கம் ஆச்சரியமும் ஒரு பக்கம் சலிப்புமா இருக்கும். உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் சலிப்புதான்.

புருவம் போன கதைதான் பேரு வந்த கதையும். முன்ன எல்லாம் ஃபிரிட்ஜுக்குள்ள ஓடுன கேஸு தீப்பிடிக்காது. அதை வெச்சுத்தான் அவரு இருவது வருசம் தொழிலு பாத்தாரு. அப்புறம் அந்தக் கேஸு வானத்துக்கு ஆகாதுன்னு சொல்லி வேற கேஸை மாத்திட்டாங்க. வந்தது யாருன்னா, சிகரெட்டு லைட்டருக்குள்ள இருக்கே, அதோட கூடப் பொறந்தது. வானத்துக்கு நல்லதாம். கரண்டும் கம்மியா இழுக்குமாம். எல்லாம் சரி, அடுக்களையில இருக்கறவங்கதான் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும். அதைச் சொல்றதுக்கு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, மோட்டாரு மேல, மஞ்சள் முக்கோணத்துல தீ படம் போட்டு ஒரு ஸ்டிக்கரு. சுவத்துப் பக்கம் திரும்பி இருக்கற எடத்துல ஒட்டி வெச்சா பல்லிதான் படிக்கும்.

அவரு படிக்கல. எப்பவும் போல ஃபிரிட்ஜை இழுத்தாரு, குனிஞ்சாரு, பைப்பை அறுத்தாரு, பைப்பை ஒட்ட வெக்கற தீ டார்ச்சைப் பத்த வெச்சாரு. அவ்வளவுதான். புருவமும் போச்சு, தலையில முன்பக்கத்து முடியும் போச்சு. நல்லவேளை, உசுரு யாருக்கும் போகல. அந்த வீட்டுக்காரி பக்கத்து ரூம்புல துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு நிமிஷம் முன்னாடி அவ தண்ணி எடுக்க அடுக்களைக்கு வந்திருந்தா? அந்த நெனப்பு அவரை விடவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு கம்பெனிக்காரங்க ஒரு ஹாலுல எல்லா மெக்கானிக்கையும் உக்கார வெச்சு, சாப்பாடு போட்டு, இந்தக் கேஸு எரியும்னு அரை நாளு பாடம் நடத்துனாங்க. கையெழுத்துப் போட்டுட்டு அவரு பின்வரிசையில உக்காந்து புருவம் இருந்த எடத்தைத் தடவிக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் ஆளே மாறிட்டாரு. தீயே இல்லாம வளையத்தை வெச்சு அழுத்திப் பைப்பைச் சேக்கற கருவி வாங்குனாரு. பைப்புக்குள்ள இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சற பம்பு வாங்குனாரு. ஒரு சின்னத் தராசு வாங்குனாரு. அந்தத் தராசுலதான் வம்பே ஆரம்பம். ஏன்னா இந்தப் புதுக் கேஸு ஒரு முழு ஃபிரிட்ஜுக்கு நாப்பது கிராம், அம்பது கிராம்தான். ஒரு முட்டை எடைகூட இருக்காது. டப்பாவைத் தராசு மேல நிறுத்தி, நகைக்கடையில மூக்குத்தி நிறுக்கற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கிட்டு விடுவாரு. பாக்கறவங்களுக்கு வயிறு எரியும். "ஆளு ஒசரத்துக்கு ஃபிரிட்ஜு நிக்குது, அதுக்கு இத்தனூண்டா?"ன்னு கேக்காத வீடு கெடையாது.

இவருக்கு நேர் எதிரு அஞ்சு நிமிஷம். அதுவும் ஒரு மெக்கானிக்கோட பேருதான். "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடலாங்க"ன்னு சொல்லிக்கிட்டே வருவான், முடிச்சும் குடுப்பான். தராசு கெடையாது. பைப்பைக் கையில புடிச்சுப் பாத்து, சில்லுனு ஆனா போதும்பான். டார்ச்சு இல்லாம அவனுக்கு வேலையே ஓடாது. பத்து நாளு ஃபிரிட்ஜு ஓடும். பதினோராவது நாளு ஜன்னலுக்குப் போன் வரும்.

அன்னிக்குக் காலையில வந்த போனு அவரோட அக்காகிட்டேருந்து.

"டேய், ஃபிரிட்ஜு செத்துப்போச்சுடா."

"என்ன பண்ணுது?"

"செத்துப்போச்சுன்னு சொல்றேன், என்ன பண்ணுதுன்னு கேக்கறியே. நாலு நாளா உறுமிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு உதறு உதறிட்டு நின்னுடுச்சு. மாமாவோட ஊசி மருந்தைப் பக்கத்து வீட்டுல குடுத்து வெச்சிருக்கேன். அவ சாயங்காலம் வீட்டைப் பூட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போறா. பத்து நாளைக்கு வர மாட்டா. இந்த வெயில்ல மருந்தை எங்கடா வெப்பேன், என் இடுப்புலயா?"

மாமாவுக்குச் சக்கரை. தெனம் ரெண்டு வேளை ஊசி. ஒரு மாசத்து மருந்து அந்தப் பக்கத்து வீட்டுல இருந்துச்சு. கெட்டுப்போனா மறுபடி வாங்க லேசுல முடியாது, கடையில சொல்லி வெச்சு வாரக்கணக்கா காத்துக் கெடந்துதான் கெடைக்கும்.

"சாயங்காலத்துக்குள்ள ஓடணும். ஒன்னால முடியலைன்னா சொல்லிடு. அஞ்சு நிமிஷத்தானைக் கூப்பிட்டுக்கறேன்."

"அவன் பேரை எடுக்காதக்கா. வர்றேன். நீ போயி ஜன்னலை..."

"வந்து தொலைடா! போன்லயேவா?"

இந்த அக்கா யாருன்னா, அவரைத் தூக்கி வளத்தவ. அம்மா சீக்காப் படுத்தப்ப அவருக்கு நாலு வயசு, அவளுக்குப் பதினொண்ணு. வாயி நீளம், கையும் தாராளம். யாரு வந்தாலும் வயிறு முட்டப் போட்டுத்தான் அனுப்புவா. போதும்னு சொன்னவங்க தட்டுல ஒரு கரண்டி கூட விழும். அவ வீட்டுல ஒருத்தரும் அளந்து சாப்பிட முடியாது.

ஜன்னலு போனாரு. தொறக்கச் சொன்னதைத் தொறந்தாச்சு, அணைக்கச் சொன்னதை அணைச்சாச்சு. அடுப்பு மேல அப்பத்தான் பொங்க இருந்த டீயும் அதோட நின்னுச்சு. மாமா கூடத்துல உக்காந்து கண்ணாடியத் தூக்கிப் பாத்தாரு.

"மாப்ளே, அந்த டீயை மட்டும் எறக்கிட்டு அணைக்கக் கூடாதா?"

"இல்லீங்க மாமா."

"ஒரு கொதிதான்யா."

"மாமா, ஒங்க மருந்துக்குத்தான் வந்திருக்கேன்."

மாமா முணுமுணுத்துக்கிட்டே எந்திரிச்சு எங்கயோ போயிட்டாரு. யாரும் எங்கன்னு கேக்கல.

ஜன்னலு பிளக்கைப் புடுங்குனாரு. ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்புனாரு. திருப்புனவரு அப்படியே நின்னுட்டாரு. சுவத்துல ஒரு கை அகலத்துக்குக் கரி. மோட்டாருகிட்ட பைப்பு நுனியில, தீயில உருக்கிப் பத்த வெச்ச முடிச்சு ஒண்ணு புதுசா.

"அக்கா."

"என்ன?"

"யாரு வந்தது?"

"யாரும் வரல."

"சுவத்துல என்ன கரி?"

"அது அடுப்புப் புகை."

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒக்காந்தா சமைச்சே?"

அக்கா முந்தானையால கழுத்தைத் தொடைச்சா. அப்புறம் கோவமா ஆரம்பிச்சா, தப்பு தன் பக்கம் இருந்தா அவ எப்பவும் கோவமாத்தான் ஆரம்பிப்பா.

"ஆமாடா, வந்தான். என்ன இப்ப? பத்து நாளைக்கு முன்னாடி கொஞ்சம் கூலிங்கு கம்மியா இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்கு விருந்தாளுங்க வர்றாங்க. ஒன்னைக் கூப்பிட்டா அரை நாளு அடுப்பு மூட்ட முடியாது. அவன் வந்தான், கேஸு போச்சுன்னான், போட்டான், போயிட்டான். டீகூடக் குடிக்கல."

"டார்ச்சு பத்த வெச்சானா?"

"வெச்சான். நீலமா எரிஞ்சுது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"ஜன்னலு?"

"மூடிதான். காத்துல தீ ஆடுதுன்னு அவன்தான் மூடச் சொன்னான்."

ஜன்னலு தரையிலயே உக்காந்துட்டாரு. கேஸு நெறைஞ்ச பைப்பு. அதைக் கிள்ளி மூடிட்டு, கிள்ளுன நுனியில தீ. கிள்ளுனதுல ஒரு மயிரிழை விட்டிருந்தா? பக்கத்துல யாரு நின்னுக்கிட்டு இருந்தது? நீலமா இருக்குன்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இவ. ஊருல முன்ன பின்ன தெரியாத வீட்டுலயெல்லாம் ஜன்னலு ஜன்னலுன்னு கத்தித் தொண்டை வத்திப்போச்சு. சொந்த அக்கா ஜன்னலைச் சாத்திக்கிட்டு டார்ச்சுக்குப் பக்கத்துல நின்னிருக்கா.

"எங்க நின்னே?"

"அவன் தலைக்கு மேலதான். வெளிச்சம் புடிச்சேன்."

அவருக்கு அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு, வந்தது கத்தல்தான். "ஒனக்கு என்ன புத்தி இருக்கு? என் மூஞ்சியப் பாத்துமா ஒனக்கு ஒறைக்கல? தெனம் பாக்கறல்ல இந்தப் புருவத்தை?"

"ஒன் புருவத்தைப் பாத்து நான் என்னடா பண்ணட்டும், சாமான் வெளக்கவா?"

பதில் சொல்லிட்டாளே தவிர, குரலு எறங்கிடுச்சு. ஜன்னலு மூச்சு வாங்கிக்கிட்டுக் கேட்டாரு, "எவ்வளவு போட்டான்?"

"அவன் கொஞ்சமாத்தான் போட்டான். நான்தான் இன்னும் போடுப்பா, தாராளமாப் போடுன்னு சொன்னேன். நீ போடறதைப் பாத்திருக்கேனே, நோயாளிக்குக் கஞ்சி ஊத்தற மாதிரி. ஃபிரிட்ஜும் நம்ம வீட்டுல ஒண்ணுதானே, வயிறார ஓடட்டுமேன்னுதான்."

"சோறாக்கா அது?"

"எனக்கென்னடா தெரியும்."

அவரு எந்திரிச்சுக் கதவைப் பாத்தாரு. ஓரத்து ரப்பரு ஒரு எடத்துல நசுங்கி மடங்கிக் கெடந்துச்சு. அந்த மடிப்புக்கு நேரா உள்ள ஒரு பெரிய குண்டான், அதோட காது வெளிய துருத்திக்கிட்டு. விருந்துக்கு ஆக்குனதுல மிச்சம் வெக்கறதுக்குன்னே வாங்குன குண்டான் அது. காது முட்டி முட்டி, கதவு ஒரு விரக்கடை தொறந்தேதான் இருந்திருக்கு. குளிரெல்லாம் அடுக்களைக்குப் போயிடுச்சு.

"கேஸு போகவே இல்லக்கா. மொதல்ல இருந்த கேஸு இருந்தபடியே இருந்துச்சு. அது மேல அவன் இன்னொரு மடங்கு ஊத்தியிருக்கான். அதான் மோட்டாரு தெணறிப் படுத்துடுச்சு."

"குண்டானாலயா?"

"குண்டானால."

அக்கா குண்டானை வெளிய எடுத்துத் தரையில டொம்முனு வெச்சா.

ஜன்னலு வேலைய ஆரம்பிச்சாரு. மொதல்ல உள்ள இருக்கற மொத்தத்தையும் வெளிய விடணும். பைப்புல ஒரு வால்வைப் பொருத்துனாரு, அதுல நீளமா ஒரு ரப்பர் டியூபை மாட்டுனாரு. டியூபோட நுனியை ஜன்னல் கம்பி வழியா வெளிய எறக்கி விட்டாரு. வால்வை லேசாத் திருப்புனதும் உஸ்ஸுன்னு சத்தம். அக்கா மூக்கைத் தூக்கி மோந்து பாத்தா.

"ஒரு நாத்தமும் இல்லியேடா?"

"இதுக்கு வாசம் கெடையாதுக்கா. சமையல் கேஸுல, கசிஞ்சாத் தெரியட்டும்னு நாத்தம் கலந்து விடறாங்க. இதுல கலக்கறதில்ல. மூக்கை நம்புனா அவ்வளவுதான். இது காத்தை விட கனம், தண்ணி மாதிரி கீழ எறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதுக்குத்தான் நான் இத்தனை..."

பப்புனு ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்ல, ஈரப் போர்வையை உதறுனா வருமே, அந்த மாதிரி. ஜன்னல் கம்பிக்கு வெளிய மஞ்சளா ஒரு வெளிச்சம் எழும்பி அடங்குச்சு. கூடவே "ஐயையோ"ன்னு ஒரு ஆம்பளைக் குரலு.

ஜன்னலு வால்வைத் திருகி மூடிட்டுத்தான் எட்டிப் பாத்தாரு. அந்த மட்டுக்கும் கை புத்தியா வேலை செஞ்சுச்சு. அடுக்களை ஜன்னலுக்குக் கீழ ரெண்டு சுவத்துக்கு நடுவுல ஒரு சந்து, தண்ணி போற பள்ளம். அங்க கவுத்துப் போட்ட வாளி மேல மாமா உக்காந்திருந்தாரு. வெரலு நடுவுல பாதி சிகரெட்டு. டாக்டரு சொல்லி மூணு வருசத்துக்கு முன்னாடியே விட்டுட்டேன்னு அக்காவோட தலையில அடிச்சு சத்தியம் பண்ண அதே சிகரெட்டு. மீசையில ஒரு பக்கம் கருகிச் சுருண்டிருந்துச்சு. கையில இருந்த முடி மொத்தமா காணோம். டியூபு நுனியில மெழுகுவத்தி மாதிரி ஒரு குட்டித் தீ நின்னு, தானா அணைஞ்சுது.

"மாமா! கண்ணு தெரியுதா? மூஞ்சி எரியுதா?"

"தெரியுது மாப்ளே. என்ன ஆச்சு? கரண்டா?"

அக்கா அதுக்குள்ள வாசலைச் சுத்தி ஓடியாந்துட்டா. புருசனோட மூஞ்சியை ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. கன்னம் செவந்திருந்துச்சே ஒழிய தோலு உரியல. உசுருக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச அந்த நொடியில அவ கண்ணு சிகரெட்டு மேல விழுந்துச்சு.

"யோவ்."

"இன்னிக்கு ஒண்ணுதான்."

"மூணு வருசமா இந்த வாளி இங்க ஏன் கவுந்து கெடக்குன்னு யோசிச்சேன்யா. தண்ணி வடியட்டும்னு கவுத்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பொறுப்பான மனுசன்னு நெனச்சேன்!"

"நீ டீ குடுத்திருந்தா நான் ஏன் இங்க வர்றேன்? ஒன் தம்பிதான் அடுப்பை அணைக்கச் சொன்னான்."

மாமா சாக்குத்தான் சொன்னாரு. ஆனா அதுல நெசம் இருக்கு. வேலைக்கு முன்னாடி இவரு அடுப்பைப் பாத்தாரு, சுவிட்சைப் பாத்தாரு, ஜன்னலு தொறந்திருக்கான்னு பாத்தாரு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு பாக்கல. இத்தனை வருசத்துல எத்தனை வீடு! எத்தனை சந்து! வெளிய விட்டா முடிஞ்சுதுன்னு தலையைக்கூட நீட்டாம டியூபைத் தொங்க விட்டிருக்காரு. எங்கயாவது ஒரு கொழந்தை வெளையாடிக்கிட்டு இருந்திருந்தா?

அக்கா மாமாவோட கன்னத்துல அரை மணி நேரம் தண்ணியாக் கொட்டுனா, திட்டுறதையும் கூடவே கொட்டுனா. அதுக்குள்ள ஜன்னலு டியூபுல இன்னொரு டியூபைச் சேத்து, சந்தைத் தாண்டி நல்லா காத்தடிக்கற பொட்டல் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாரு. அக்காவை வால்வுகிட்ட நிறுத்துனாரு. "நான் சொன்னா மட்டும் திருப்பு." அவரு நுனிகிட்ட வெயில்ல நின்னுக்கிட்டு அந்தப் பக்கமா வந்தவங்களையெல்லாம் தூரமாப் போகச் சொன்னாரு. சைக்கிள்ல வந்த ஒருத்தன், "வெறும் டியூபைப் புடிச்சுக்கிட்டு ஏன் சார் காவலு?"ன்னு சிரிச்சுட்டுப் போனான்.

உள்ள வந்து பத்த வெச்ச முடிச்சை வெட்டி எடுத்தாரு. வளையத்தைப் போட்டு அழுத்திப் புதுப் பைப்பைச் சேத்தாரு. சோப்புத் தண்ணி தடவிக் கொமிழி வருதான்னு பாத்தாரு. பம்பை மாட்டி முக்கா மணி நேரம் ஓட விட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அக்காவுக்கு அது தாங்கல. அவன் கத்துனா பதிலுக்குக் கத்தலாம், இப்படி உம்முனு இருந்தா என்னத்தைப் பண்றது?

தராசை வெச்சு டப்பாவை நிறுத்துனாரு. எண்ணு ஒண்ணொண்ணா எறங்குச்சு. நாப்பத்திரண்டு கிராம் போனதும் மூடிட்டாரு. அக்காவோட வாயி துடிச்சுது. இன்னும் ரெண்டு விடேன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கருகுன மீசையோட வாசப்படியில நின்ன புருசனைப் பாத்துட்டு முழுங்கிட்டா.

எல்லாம் மூடி, டப்பாவை வெளிய வெச்சப்புறம்தான் அடுப்புக்கு உத்தரவு. மாமாவுக்கு டீ வந்துச்சு. வெந்நியில துணிய நனைச்சு ஜன்னலு கதவு ரப்பரை ஒத்தி ஒத்தி நிமித்துனாரு. பிளக்கைச் சொருகுனதும் ஃபிரிட்ஜு உறுமாம, உதறாம ஓட ஆரம்பிச்சுது. உள்ள ஒரு சின்ன வெப்பமானியை வெச்சாரு. இருவத்தெட்டு டிகிரி. நாலு மணிக்குப் பதினெட்டு.

பக்கத்து வீட்டுக்காரி பையும் சாவியுமா வந்து நின்னா. "அக்கா, மருந்தை எடுத்துக்கறீங்களா? எனக்கு நேரமாச்சு."

"இன்னும் கொஞ்சம் இரும்மா."

"எத்தனை வாட்டி இருன்னு சொல்லுவீங்க?"

கடைசியில மருந்து டப்பாவை ஐஸோட ஒரு கிண்ணத்துல வெச்சு அக்கா கையிலயே குடுத்துட்டுப் பூட்டிக்கிட்டுப் போயிட்டா. அக்கா கிண்ணத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஃபிரிட்ஜுக்கு முன்னாடி நின்னா. கதவைத் தொறக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டான், தொறந்தா ஏறிடுமாம். உக்காருன்னா உக்கார மாட்டேன்னுட்டா. கிண்ணத்துல ஐஸு கரைஞ்சு தண்ணி அவ முழங்கை வழியா ஒழுகுச்சு.

ஆறு மணிக்கு ஜன்னலு ஒரு வாட்டி தொறந்து பாத்தாரு. அஞ்சு.

"வெய்யி. நடுத்தட்டுல. மேல வெக்காத, ஒறைஞ்சா மருந்து வீணு."

அக்கா வெச்சா. கதவைச் சாத்துனா. ரப்பரு சுத்தி ஒட்டிக்கிச்சான்னு வெரலால நாலு பக்கமும் தடவுனா. அப்புறம்தான் ஈரக் கையைத் தொடைச்சா.

ஜன்னலு சாமானைப் பையில போட்டுக்கிட்டே, தலை நிமிராம சொன்னாரு, "அக்கா, நீ டார்ச்சுக்காரனைக் கூப்பிட்டது தப்புதான். ஆனா மாமா மூஞ்சி கருகுனது என்னாலதான். வெளிய எட்டிப் பாக்காம விட்டேன். அது என் தப்பு."

ஜன்னலு இப்படி ஒரு நாளும் பேசுனதில்ல. சின்ன வயசுல பானையை ஒடைச்சுட்டுப் பூனை மேல பழி போட்ட பய. அக்கா அவரைப் பாத்தா. வாசப்படியில மாமா டீ டம்ளரை வெச்சுக்கிட்டு, கருகி ஒட்டுன மீசை முடியைப் பிச்சுக்கிட்டு, இது நல்லாப் போகுதேன்னு முகத்துல வெளிச்சத்தோட நிக்கறாரு.

"அடப்பாவி"ன்னா அக்கா. "ஏண்டா, தப்பையெல்லாம் நீயே எடுத்துக்கிட்டா, இந்த மனுசனை நான் எதுக்குடா திட்டுறது?"